இன்பமேரி டீச்சரின் டிக்டேஷன்

1957 தவக்காலத்தில், சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் இன்பமேரி டீச்சர் "டிக்டேஷன்" என்று சொன்னதும், மாதா படத்தின் முன்னால் இருந்த மெழுகுவர்த்தி தானாகப் பற்றிக்கொண்டது. டிக்‌ஷனரி, வெர்டிக்ட், எலொகுவென்ட் என்றாலும் பற்றியது. பென்சில், பிளாட்பாரம் என்றால் பற்றவில்லை. விசாரிக்க வந்த பங்குச்சாமியார், பற்றுகிற வார்த்தைகள் எல்லாம் பேசுவதைக் குறிக்கும் லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை என்று விளக்கிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்.

லத்தீன் என்றதும் டீச்சரின் புருஷன் உபகாரசாமிக்கு வயிறு எரிந்தது. கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவான அவர், இருபது வருஷமாகப் பூசையில் சாமியாருக்கு லத்தீனில் பதில் சொல்பவர். எல்லாம் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி நெட்டுருப் போட்டது. ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. அவர் முழங்கின முழக்கத்துக்கு ஒரு ஊதுபத்திகூடப் புகைந்ததில்லை. இவள் வாய்க்கு மட்டும் எப்படி வந்தது என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வருஷமே நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இன்பமேரியை இங்கிலீஷ் டீச்சராகக் கூப்பிட்டார்கள். சின்ன வயதிலிருந்து அவர் ஏங்கிய வேலை. "பொம்பளை தினம் பஸ் ஏறிப் போறதா? வேண்டாம்" என்றார் உபகாரசாமி. என்னைக் கேட்டால் பஸ் ஒரு சாக்கு. பள்ளி வருஷா வருஷம் கடிதம் போட்டது. டீச்சர் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தே எட்டு வருஷத்தை ஓட்டினார். மெழுகுவர்த்தி பற்றும் வார்த்தைகளை வீட்டில் அவர் வாயில் எடுக்கவே இல்லை.

1965-ல் பூசை தமிழுக்கு மாறியது. கைக்குழந்தைகளைத் தவிர எல்லோரும் பதில் சொன்னார்கள். உபகாரசாமி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"நான் இத்தனை வருஷம் கத்துனது என்னன்னு உனக்குத் தெரியுமா மேரி?"

"ஒரு வரி தெரியுங்க. 'டிக் வெர்போ'ன்னு மார்ல அடிச்சிக்கிட்டுச் சொல்லுவீங்களே. ஒரு வார்த்தை சொல்லும், என் ஆத்துமா குணமாகும்னு அர்த்தங்க. சாமியார் அப்பவே சொன்னாரு."

உபகாரசாமி மெழுகுவர்த்தியைப் பார்த்து "டிக்டேஷன்" என்றார். மூன்று தடவை சொல்லியும் திரி கறுப்பாகவே நின்றது.

"உன் மேல பொறாமை. அதான் போக விடலை" என்றார்.

"தெரியுங்க."

"இப்பவும்தான் இருக்கு. நீ போ."

ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்குப் போக ராசிபுரம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து டீச்சரை அவரே ஏற்றிவிட்டார். பொறாமை போகவில்லை, மெழுகுவர்த்தி பற்றும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தீப்பெட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார். சாயங்காலப் பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு, டீச்சரின் ஆறரை மணி பஸ் வரும்வரை வாசலில் காத்திருந்தார்.