சுரண்டிய கை

வடதுருவக் கடல் மீன்களின் கொழுப்பில் யார் வீட்டு ரசாயனம் தங்கியிருக்கிறதோ, அந்த வீட்டுக்கு அவை குடிவந்துவிடும். எங்கள் அப்பார்ட்மென்டில் முதல் மீன் எதிர்வீட்டு ஜெசிந்தாவுக்கு வந்தது.

வரட்டும், எனக்கென்ன. ஆனால் பங்குச் சாமியார் வந்து அதை மந்திரித்துவிட்டுப் போனதும், என் வீட்டுக்காரர் எங்கள் பிரிட்ஜிலிருந்து தினமும் ஐஸ் எடுத்துக்கொண்டு அங்கே ஓடுவதும் கொஞ்சம் அதிகம்.

"நம்ம வீட்டுக்கு ஏன் ஒண்ணும் வரலை?" என்று அவரிடம் கேட்டேன்.

"நீதான் எல்லாத்தையும் சுத்தமா வெச்சிருக்கியே" என்றார். பாராட்டுகிற முகம் இல்லை அது.

போய்ப் பார்த்தேன். "வாங்கக்கா, உங்களுக்கு இதெல்லாம் எங்க பார்க்கக் கிடைக்கும்" என்றாள் ஜெசிந்தா. மீன் பிளாஸ்டிக் டப்பில் படுத்திருந்தது. அவளை அம்மா என்றது. என்னை ஆன்ட்டி என்றது.

என்ன ரசாயனம் என்று விசாரித்தேன். நான்ஸ்டிக் தவாவின் பூச்சாம்.

அந்தத் தவா என்னுடையது. மஸ்கட்டிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்தது. ஒரு ஈஸ்டருக்கு இரவல் வாங்கிப் போனவள் பதினெட்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை. தவா என்னுடையது என்றால் மீனும் என்னுடையது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு நியாயம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுப்பதை அடுத்த வகுப்புக்குச் சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் வாளியோடு போனேன். "கிளம்பு" என்றேன் மீனிடம்.

"தவா யாருதுன்னு நாங்க பார்க்கிறதில்ல ஆன்ட்டி. சுரண்டின கையைத்தான் பார்ப்போம். நீங்க மரக்கரண்டி. அம்மாதான் எவர்சில்வர் தோசைத் திருப்பியால சுரண்டி, கம்பி நார் போட்டுத் தேய்ச்சாங்க."

ஜெசிந்தா புது வளையலைப் பார்ப்பதுபோல் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். "நான் எதையுமே அழுத்தித்தான் தேய்ப்பேன்க்கா."

திரும்பி நடந்தேன். மீன் கூப்பிட்டது.

"சோபாவுல கறை பிடிக்காம இருக்க ஸ்பிரே அடிச்சீங்கல்ல, அது ரொம்ப ஜாஸ்தி ஆன்ட்டி. எங்க உடம்பு கொள்ளாது. எங்களைத் தின்ன கடல்நாய்க்குப் போய், அந்தக் கடல்நாயைத் தின்ன கரடிகிட்ட சேர்ந்துடுச்சு."

வெள்ளிக்கிழமை காலை வெள்ளைக் கரடி வந்தது. லிஃப்ட் கொள்ளாமல் படியேறி வந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது. உள்ளே வா என்றேன். பாதிதான் வரமுடியும் என்றது. தவாப் பூச்சு தங்கிய மீன்களும் அதன் வயிற்றுக்குள் போயிருந்தனவாம், அதனால் மீதிப் பாதி ஜெசிந்தாவுக்காம்.

அதனால் நடைவழியில் குறுக்கே படுத்திருக்கிறது. தலை என் வீட்டில், வால் அவள் வீட்டில். ஜெசிந்தா வருகிறவர்களுக்கெல்லாம் வாலைக் காட்டிக்கொண்டிருக்கிறாள், பாவம். மேல்மாடிக்காரர்கள் முதுகில் ஏறி இறங்கித்தான் போகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.