டெய்லரக்காவின் பரீட்சை

ஆயுர்வேதக் கல்லூரி மருத்துவமனையில் எட்டாம் நம்பர் கட்டில் முன்னால் டெய்லரக்கா போய் நின்றதும், அதில் படுத்திருந்த சலூன்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இடுப்பு வலி. ரெண்டு வருஷமா. பசிக்குது, தூங்குறேன், வயித்துல ஒண்ணும் கோளாறு இல்ல. எழுதிக்கோங்க. உங்களோட பன்னண்டு பேருக்கு ஒப்பிச்சாச்சு.”

அக்கா பரீட்சைக் காகிதத்தை விரித்தாள். பதினாறு வருஷம் தையல் மெஷினை மிதித்துவிட்டு, வீட்டில் அத்தனை பேரும் வாயைப் பிளக்க, பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு இந்தக் கல்லூரியில் படிக்க வந்து உட்கார்ந்தவள். போன தடவை, நோயாளியைச் சோதித்து நோயை எழுதுகிற இதே பரீட்சையில்தான் கோட்டை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் முடிக்கிறதுக்குள் அம்மா கல்லூரியை முடிப்பாளா என்று வீட்டில் தினமும் கேலி.

பார்த்து, தொட்டு, கேட்டு நோயை அறியணும் என்பது பாடம். கேட்கிற வழி அடைபட்டாச்சு. நாடி பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. சரி, பார்க்கவாவது செய்வோம் என்று தலையிலிருந்து இறங்கியவளின் கண், பேன்ட் ஓரத்தில் நின்றுவிட்டது. இடது காலில் மடிப்பு நைந்து நூல் நூலாகத் தொங்கியது. வலது கால் புத்தம் புதுசு.

“அண்ணே, இது யாரு தெச்சது?”

சலூன்காரர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். “அதையேன் கேக்குறீங்க! மூணு டெய்லரை மாத்திட்டேன். ஒருத்தனுக்கும் அளவெடுக்கத் தெரியல. இடது கால மட்டும் நீளமா வெச்சுடுறானுங்க!”

“டெய்லருங்க மேல தப்பில்லண்ணே,” என்றாள் அக்கா. தன் இனத்தையே காப்பாற்றிவிட்ட நிம்மதி அந்தக் குரலில். “காலை நீட்டிப் படுங்க.”

இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலையும் அளந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தாள். இடது கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. அந்தக் காலோடு நாள் முழுக்க நின்று முடிவெட்டுகிற மனுஷன்!

பரீட்சை எடுக்க வந்த பேராசிரியை காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். “எண்ணெய், ஒத்தடமெல்லாம் எல்லாரும்தான் எழுதியிருக்காங்க. குட்டைக் காலுக்குச் செருப்புக்குள்ள அட்டை மடிச்சு வைக்கணும்னு எழுதியிருக்கியே, எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”

“எண்ணெயும் வேணும் மேடம். ஆனா சாய்ஞ்சு நிக்கிற இடுப்புக்கு எத்தனை நாள் தேய்க்கிறது?”

பேராசிரியை சலூன்காரரின் காலருகே வந்தாள். தானே குனிந்து ஒருமுறை அளந்து பார்த்தாள். மார்க்கைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள்.

“நீ போகலாம்,” என்றாள்.

அக்கா நகரவில்லை. காலி மருந்துப் பெட்டியைக் கிழித்து மடித்து, இடது செருப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். சலூன்காரர் அதைப் போட்டுக்கொண்டு நாலு அடி வைத்தார். நின்றார். இன்னும் நாலு அடி. பிறகு இரண்டு கையையும் வீசிக்கொண்டு வார்டின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பினார். பதின்மூன்றாவதாக உள்ளே வந்த மாணவன் காகிதமும் கையுமாகக் காலிக் கட்டிலருகே நிற்க, “இரு தம்பி, வர்றேன்!” என்று கத்திவிட்டு, மறுபடி ஒரு சுற்றுக் கிளம்பினார்.