மாட்டின் மேல் போட்ட பழி

ஈஸ்வரமூர்த்தியின் தலையில் வைத்த எண்ணெய் காதோரம் வழிந்தது. மனைவி நாச்சியம்மாள் அதை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். நேற்று மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று கட்டிலில் சாய்ந்த மனிதர், பொள்ளாச்சிக்குக் கார் பிடிப்பதற்குள் போய்விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

"நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்புள்ளைங்கெல்லாம் வாங்க" என்று வாசலில் யாரோ பழக்கதோஷத்தில் கூப்பிட்டுவிட்டார்.

"இவருக்கு ஏதுங்க பேரன்?" என்று இன்னொருவர் அடக்கினார்.

தலைமாட்டில் இருந்த பொன்னாத்தாளுக்கு அழுகை பொங்கிவிட்டது. இறந்தவரின் அக்கா அவள். "பாழாப்போன மாடு ஒதச்சு எந்தம்பி பொழப்பே போச்சே. ஆம்பளைன்னு பேரெடுக்காமயே போறானே" என்று அரற்றியவள், நாச்சியம்மாளின் தலையைத் தடவினாள். "நீ மகராசி, கண்ணு. வேறொருத்தியா இருந்தா என்னைக்கோ அத்துட்டுப் போயிருப்பா."

சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். நாச்சியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

கல்யாணமான புதிதில் ரேக்ளாப் பந்தயத்தில் மாடு உதைத்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு விதையை எடுத்தார்கள். அது ஊருக்கே தெரியும். பிள்ளை பிறக்கவில்லை என்றதும் ஊர் வேறு காரணம் தேடவில்லை; அதற்கு அந்த மாடே போதுமானதாக இருந்தது. பின்னாளில் இருவரும் போய்ச் சோதித்துப் பார்த்தபோது டாக்டரம்மா வேறு விதமாகச் சொன்னார். பிள்ளை பெற மிச்சமிருக்கும் ஒன்றே போதும், அவருக்குக் குறையில்லை, அடைத்திருப்பது நாச்சியம்மாளின் கருக்குழாய்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர்தான் சொன்னார். "ஊருல எப்படியும் மாட்டத்தான் சொல்றாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும், அம்மணி. என்னையப் பேசினா நான் சிரிச்சுட்டுப் போயிருவேன். உன்னையப் பேசினா தாங்க மாட்டேன்."

டீக்கடைக் கேலிக்கெல்லாம் அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அவளும் வாயைத் திறக்கவில்லை. உண்மையில், அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது. இப்போது அவர் அந்தப் பேரோடே சுடுகாட்டுக்குப் போகப்போகிறார்.

"நங்கையா" என்று பொன்னாத்தாளைக் கூப்பிட்டாள். "மாடு ஒண்ணும் பண்ணலீங்க. அவிங்களுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிப்போட்டாங்க. கொற எனக்குத்தானுங்க. என்னைய யாரும் பேசக்கூடாதுன்னுதான் அவிங்க கம்முனு இருந்தாங்க."

தலையைத் தடவிய கை நின்றது. அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பாயில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். இனி இப்படித்தான் இருக்கும் என்று நாச்சியம்மாளுக்குத் தெரியும்.

பொன்னாத்தாள் தம்பியின் பக்கம் திரும்பினாள். பிறகு கிண்ணத்து எண்ணெயில் விரலைத் தொட்டு, நரைத்துத் தொங்கிக் கிடந்த அவன் மீசையை மேல்நோக்கி முறுக்கிவிட்டாள். ஒரு பக்கம் நின்றது. மறுபக்கம் சரிந்து சரிந்து விழுந்தது.

"இந்தப் பக்கம் நிக்க மாட்டேங்குது" என்று கிண்ணத்தை நாச்சியம்மாள் பக்கம் நகர்த்தி வைத்தாள். "நீ பாரு, அம்மணி."