பொட்டின் மேல் தண்ணீர்

"ஏனுங்கப்பா, சோப்பு அழுக்காயிட்டா அதை எதுல கழுவறது?"

ஐந்து வயதில் யாழினி இப்படிக் கேட்டபோது வெள்ளியங்கிரி வாய்விட்டுச் சிரித்தார். பதில் சொல்லவில்லை. குழந்தையின் கேள்வியைப் பதில் சொல்லாமல் விட்டால் அது எங்கும் போய்விடுவதில்லை. இந்தக் கேள்வி இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை, திருச்செங்கோட்டில் தம் வீட்டு வாசலில் நின்ற கருநீலக் காரைப் பார்த்ததும் அவர் கிட்டே போய்க் குனிந்தார். பானெட் முழுக்க மெல்லிய கீறல்கள். நடுவில் தொடங்கி, வட்டத்துக்குமேல் வட்டமாக விரிந்திருந்தன. சாய்வெயில் பட்டதும் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது.

கார் அவருடையதல்ல, மருமகன் ஜெகதீஸ்வரனுடையது. வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. யாழினிக்கு ஏழாம் மாதம். சேலத்து டாக்டரிடம் காட்டிவர அவள் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று, பெங்களூரிலிருந்து கொண்டுவந்து விட்டுப் போயிருந்தான். திங்கட்கிழமை வளைகாப்பு. அன்றைக்கு அவனும் அவன் வீட்டார் அத்தனை பேரும் வருவார்கள். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "கழுவோணும்னா மொதல்ல தண்ணியடிச்சு மண்ணெல்லாம் போகட்டுங்க மாமா. அப்பறமா கை வையுங்க."

அந்தச் சொல்லே வெள்ளியங்கிரிக்குப் பிடிக்கவில்லை. இளவயதில் நாமக்கல் லாரி பாடிப் பட்டறையில் ஏழு வருடம் பெயின்ட் வேலை பார்த்தவர் அவர். பிறகு ஆழ்துளைக் கிணறு துளைக்கும் ரிக் வண்டி வாங்கி, போர் போடும் தொழிலுக்கு வந்து முப்பது வருடமாகிறது. நேற்றுப் பிறந்த பிள்ளை அவருக்கு வண்டி கழுவக் கற்றுக்கொடுக்கிறானா?

இப்போது அந்தப் பிள்ளையின் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? சம்பந்தி வீட்டில் யாரும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள். எல்லோரும் பானெட்டைப் பார்ப்பார்கள். பிறகு வருடக்கணக்கில் அது யாழினியின் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

மனைவி சௌந்திரம் வெளியே வந்து பார்த்தாள். "நேத்துதானுங்களே கழுவிக்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

அவ்வளவு போதுமாயிருந்தது. யார்மேல் கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சங்ககிரி ரோட்டில் கருப்பண்ணன் என்பவர் ஆறு மாதத்துக்கு முன் திறந்த கார் வாஷில்தான் அவர் நேற்றுக் கழுவியிருந்தார். வேலையாட்கள் கிடையாது. டோக்கன் போட்டால் எட்டு நிமிடம் தண்ணீரும் நுரையும் வரும்; நுரை பிரஷ் ஒன்று கொக்கியில் தொங்கும்; அவரவர் வண்டியை அவரவரே கழுவிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் கழுவினால் பத்துக் குடம் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, அங்கே பாதிகூடச் செலவாகாது என்று டீக்கடையில் ஊரையே கூட்டிவைத்துப் புகழ்ந்தவர் வெள்ளியங்கிரி. புகழ்ந்த வாய் என்பதால் கோபம் இரண்டு மடங்காக இருந்தது.

அவர் போய் இறங்கியபோது அங்கே ஏற்கெனவே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. ரஞ்சிதா என்ற பள்ளிக்கூடத்து டீச்சர், தன் சிவப்புக் காரின் கதவைக் கைகாட்டிக் கருப்பண்ணனை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று மாலை ஐந்து மணிக்கு இங்கேதான் கழுவினாளாம். பத்து வருடம் ஸ்கூட்டியில் மழையிலும் வெயிலிலும் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய வண்டியாம். ஒரு பக்கத்துக் கதவு இரண்டிலும் அதே மெல்லிய கீறல்கள்.

வெள்ளியங்கிரிக்கு நெஞ்சில் ஒரு பலம் வந்தது. தம் கோபத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது.

"அம்மிணி, இங்க வந்து என்ற வண்டியப் பாரு," என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கருப்பண்ணன் பக்கம் திரும்பினார். "நீ தொங்கவிட்டிருக்கறது பிரஷ்ஷா, உப்புத்தாளாய்யா?"

கருப்பண்ணன் பிரஷ்ஷை எடுத்து உள்ளங்கையில் தட்டினார். கையில் நரநரவென்று வெள்ளைத் தூள் விழுந்தது. யாரோ மண்ணோடு தேய்த்துவிட்டு அலசாமல் மாட்டியிருக்கிறார்கள் என்றார்.

"யாரோன்னா எவன்? எவனோ ஒரு முட்டாப்பய சேத்து வண்டியக் கொண்டாந்து தேச்சுட்டுப் போவான், அதுக்கு நாங்க அழுவோணுமா? கேமரா வெச்சிருக்கறயில்ல, போட்டுக் காட்டு. அவன் ஊட்டு வாசல்லயே போயி நான் கேக்கறேன்."

டீச்சரும் அதையே சொன்னாள். ஆள் யாரென்று தெரிந்தால் விடப்போவதில்லை என்றாள். கருப்பண்ணன் கண்ணாடி அறைக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. வெயில் ஏறியது. வெள்ளியங்கிரி இரண்டு தடவை கண்ணாடியைத் தட்டினார்.

வெளியே வந்தபோது கருப்பண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கேமரா நாலு நாளா ஓடலீங்க," என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளியங்கிரி பேசியதை எல்லாம் எழுத முடியாது. திருட்டுப் பிழைப்பு என்றார். இந்த இடத்தில் இனி ஒரு வண்டியும் நுழையாமல் பண்ணுகிறேன் என்றார். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார். கருப்பண்ணன் அந்தப் பிரஷ்ஷை யாரும் எடுக்காதபடி ஓரமாக வைத்தார். டீச்சரிடம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கொண்டுவந்து விடும்படியும், தாமே பாலிஷ் போட்டுச் சாயங்காலம் தருவதாகவும் சொன்னார். பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் அவள் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினாள்.

"எனக்கு என்ன பதில்?" என்றார் வெள்ளியங்கிரி.

"உள்ள வாங்கண்ணா."

கண்ணாடி அறையில் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சின்னத் திரை ஓடிக்கொண்டிருந்தது. நாலு நாளாக ஓடாத கேமரா நேற்றைய புதன்கிழமை மாலை நாலரை மணியைக் காட்டியது. அதில் கருநீலக் கார் நின்றது. பக்கத்தில் வெள்ளியங்கிரி நின்றார்.

புதன்கிழமை மத்தியானம் அவருடைய ரிக் வண்டி ஆட்டையாம்பட்டிக்கு அந்தப் பக்கம் பொன்னாயி என்பவளின் விவசாயக் காட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அது மூன்றாவது போர். முதல் இரண்டிலும் தண்ணீர் இல்லை, வெறும் புகை. யாழினியை டாக்டரிடம் காட்டி வீட்டில் விட்டதும் மருமகன் காரிலேயே அவர் அங்கே போயிருந்தார். அறுநூற்று எண்பது அடியில் தண்ணீர் விழுந்தது. பாறை அரைபட்டு வரும் வெள்ளைத் தூளை ரிக்காரர்கள் மாவு என்பார்கள். அவர்கள் தலைமுடியிலும் சோற்றிலும் படுக்கையிலும் இருப்பது அந்த மாவுதான். அவர்களில் யாரும் அதை அழுக்கு என்று சொல்லிக் கேட்டதில்லை. பொன்னாயி அழுதுகொண்டே ஓடிவந்து, முதல் தண்ணீரில் குழைந்த மாவை இரண்டு கையாலும் அள்ளி ரிக் வண்டிக்குப் பொட்டு வைத்தாள். அதே கையோடு, வெள்ளியங்கிரி வந்த காரின் பானெட்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள். ஊர் திரும்புவதற்குள் அது காய்ந்து இறுகியிருந்தது.

திரையில் வெள்ளியங்கிரி தண்ணீர்த் துப்பாக்கியால் கூரையைக் கழுவினார், கதவுகளைக் கழுவினார், சக்கரங்களைக் கழுவினார். பானெட் வந்ததும் இடது கையைக் குடைபோல் விரித்து, பொட்டின்மேல் வேகத் தண்ணீர் ஒரு சொட்டும் படாமல் மறைத்துக்கொண்டார். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டு, பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரஷ்ஷை எடுத்து நேராகக் காய்ந்த பொட்டின்மேல் வைத்து வட்டமாகத் தேய்த்தார். மெதுவாக, பக்தியோடு தேய்த்தார். தேய்த்து முடித்து, பிரஷ்ஷை அலசாமல் கொக்கியில் மாட்டினார்.

சிறிது நேரம் காலி இடம். அப்புறம் சிவப்புக் கார் வந்தது.

கருப்பண்ணன் திரையை அணைத்தார்.

"மொதல்ல தண்ணி அடிக்கோணும்னு போர்டுல போட்டிருக்குதுங்களே," என்றார்.

"பொட்டு மேல எப்படிய்யா அத்தன வேகத்துல அடிக்கறது?" வெள்ளியங்கிரியின் குரலில் இன்னும் கோபம் இருந்தது. அதற்குப் போக்கிடம்தான் இல்லை.

"நாலடி தள்ளி நின்னு மெதுவா ஊத்தியிருந்தா சாமி கோவிச்சிருக்காதுங்கண்ணா."

ஏழு வருடம் பட்டறையில் இருந்தவருக்கு இது தெரியாததா? கல்தூளோடு பெயின்டைத் தொடக்கூடாது என்பது முதல் நாள் சொல்லித்தரும் பாடம். பொட்டை அவர் தூளாக நினைக்கவே இல்லை, அதுதான் நடந்தது.

"அந்த அம்மிணிகிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பேசுன பேச்சுக்கு, அப்பச் சொல்லியிருந்தா உங்களுக்கு நிக்க எடம் இருந்திருக்காதுங்க. நாஞ் சொன்ன பொய்யி எனக்கு இருக்கட்டும்." கருப்பண்ணன் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அந்தக் கையைத் தூக்க அவருக்கு வராது போலிருந்தது. "அவங்க வண்டிய நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அர்த்தநாரீசுவரர் மலைக்கு ஒரு வேண்டுதல் இருக்குது. போய்ட்டு வந்து சாயங்காலத்துக்குள்ள போட்டுருவேன்."

வெள்ளியங்கிரி எழுந்து வந்துவிட்டார்.

வழியெல்லாம் கோபம்தான். முதலில் கருப்பண்ணன்மேல் வந்தது. ஒருவன் நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டிவிடலாம். நம்மைக் காப்பாற்றிவிட்டால் என்ன செய்வது? முட்டாப்பய என்று ஊரே கேட்கச் சொன்ன வார்த்தை திரும்பி வந்து மடியில் உட்கார்ந்திருந்தது. பிறகு மருமகன்மேல் வந்தது, அவன் சொன்னது சரியாக இருந்ததற்காக. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மிச்சமிருந்தது தம்மேல் உள்ள கோபம் ஒன்றுதான். மனிதனுக்கு வரும் கோபங்களில் ஏதாவது உருப்படியான வேலை செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

உள்ளே போய் முதலில் யாழினியிடமும் சௌந்திரத்திடமும் நடந்ததைச் சொன்னார். பிறகு பெங்களூருக்குப் போன் போட்டார். சுற்றி வளைக்காமல், நான்தான் கெடுத்தேன், பிரஷ் காரணமல்ல என்றார். பொன்னாயியின் போரையும் பொட்டையும் சொன்னார்.

"நாஞ் சொன்னனுங்களே மாமா," என்றான் ஜெகதீஸ்வரன். அதில் வருத்தம் இருந்தது, அவன் மறைக்கவில்லை. அப்புறம், "அந்தம்மாவுக்கு மூணாவது போர்லயாவது தண்ணி வந்துதே," என்றான்.

யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பானெட்டைக் குனிந்து பார்த்தாள். "அப்ப பிரஷ்ஷு அழுக்காயிட்டா எதுலப்பா கழுவறது?" என்று சிரித்தாள். அவள் சின்ன வயதில் கேட்டது அவளுக்கே நினைவிருந்ததோ என்னவோ, அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவர் பானெட்டைத் தேய்த்தார். பாலிஷை மென்மையான துணியில் தொட்டு, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாக. முப்பது வருடத்துக்குப் பிறகும் கை மறந்திருக்கவில்லை. ஆழமான இரண்டு கீறல் மட்டும் போகவில்லை. திங்கட்கிழமை கேட்பவர்களுக்கு அதைத் தாமே காட்டிவிடுவது என்று முடிவுசெய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு, பாலிஷ் டப்பாவும் துணிகளும் பையில் எடுத்துக்கொண்டு சங்ககிரி ரோட்டுக்குப் போனார். சித்திரை மாத உச்சி வெயிலில் யாரும் கார் கழுவ வருவதில்லை. கண்ணாடி அறை பூட்டியிருந்தது. பஞ்சர் கடையிலும் ஆளில்லை. சிவப்புக் கார் தகரக் கூரையின் நிழலில் நின்றது. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். அதன் வயர் பிடுங்கப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டுத்தான் கருப்பண்ணன் மலையேறியிருக்கிறார்.

டோக்கன் போட்டு, நாலடி தள்ளி நின்று மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார். துணியால் ஒற்றி ஈரம் எடுத்தார். பிறகு மண்டியிட்டுக் கதவின் அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் கதவு முடிய ஒரு மணி நேரமாயிற்று. வேர்வை கண்ணில் இறங்கியது. நான்கு மணிக்கு இரண்டு கதவிலும் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

கிளம்பும் முன், கருப்பண்ணன் ஓரமாக வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்தார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மயிர்களை விரலால் விரித்து விரித்து அலசினார். அடியில் வெள்ளை மாவு படிந்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தார். ஏழாவது பக்கெட்டில் அடி தெரிந்தது. பிரஷ்ஷைக் கொக்கியில் மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பிய அந்தப் பக்கெட்டை, அடுத்து வருகிறவன் கைக்கு எட்டும்படி கொக்கிக்கு நேர் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.