சகலையின் மரவில்

பஸ் டிரைவருக்கு வயிறு எரிந்தது. காரணம் அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்காள் புருஷன். கடிகாரக் கடை வைத்திருக்கும் அந்த மனிதர் வில்வித்தை மைதானத்தில் வெறும் மரவில்லால் அம்பு விட, டிரைவரின் மனைவி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிரைவருடையது காம்பவுண்ட் வில். இரண்டு முனையிலும் சக்கரம், குறி பார்க்கக் கண்ணாடி, அம்பை விடக் கட்டை விரலால் அழுத்தும் விசை. கடைசிவரை இழுத்துவிட்டால் பாரம் சட்டென்று குறைந்துவிடும். டீ குடித்துக்கொண்டே குறி பார்க்கலாம் என்று அவரே பீற்றிக்கொள்வார். இருந்து என்ன பிரயோஜனம்? அவர் எய்யும்போது அவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அத்தான் கையில வில்லு என்னமா வளையுது, பாத்தீங்களா?" என்றாள் வீட்டுக்குப் போகும் வழியில்.

பார்த்தார். பார்த்ததுதான் வினை. மறுநாளே விளையாட்டுச் சாமான் கடையிலிருந்ததில் பெரிய மரவில்லாக ஒன்று வாங்கி, பணிமனைக்குப் பின்னால் திருட்டுத்தனமாகப் பழகினார். வரப்போகும் போட்டியில் அவள் கண்ணெதிரே சகலையை மண்ணைக் கவ்வ வைக்காவிட்டால் தான் மனுஷனே இல்லை என்று கறுவிக்கொண்டார்.

மரவில் போட்டியன்று மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன் இல்லை. டிரைவருக்கு உச்சி குளிர்ந்தது. நாணைத் தாடைவரை இழுத்தார். பிறகு, புதிதாகப் பழகியதெல்லாம் மறந்து, பல வருஷப் பழக்கத்தில் பாரம் குறையட்டும் என்று காத்து நின்றார். மரவில்லில் பாரம் எங்கே குறையும்? தோள் நடுங்கியது. கட்டை விரல் இல்லாத விசையைத் தேடி அழுத்தியது. நாண் நழுவி, அம்பு பக்கத்தில் சகலையின் இலக்குப் பலகையில் போய்க் குத்தியது.

"என் கணக்குல சேத்துக்கவா சகலை?" என்றார் கடிகாரக் கடைக்காரர். மைதானமே சிரித்தது.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தவரிடம் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "இதுல பாரம் குறையாதுங்க. பிடிச்சுக்கிட்டே நின்னா கை ஆடத்தான் செய்யும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் வலது கையைக் காட்டினாள். நாண் இழுக்கும் மூன்று விரல்களும் நுனியில் காய்த்துப் போயிருந்தன. தினமும் அவருக்குச் சாப்பாடு போட்ட கைதான்.

"உன் அத்தான் சொல்லிக்குடுத்தாரா?"

"அக்காவும் கூடத்தான் வந்து பழகுறா. நான் முதல்ல உங்களைத்தானே கேட்டேன். 'என் கை அளவுக்கு வெச்ச வில்லு, தொடாதே'ன்னுட்டீங்க."

சொன்னது உண்மைதான். நாலு பேர் முன்னால் வேறு சொல்லியிருந்தார்.

அடுத்து பெண்கள் முறை. டிரைவர் அவசரமாகத் தன் புது மரவில்லை நீட்டினார். அவள் பாதிவரை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு இது ரொம்ப பாரங்க."

சகலை அவளுக்கென்றே ஒரு லேசான வில் கொண்டுவந்திருந்தார்.

அவள் விட்ட அம்பு பலகையின் நடு மஞ்சள் வட்டத்தில் குத்தியது. அவள் முதலில் திரும்பிப் பார்த்தது சகலையைத்தான். அதற்கு முன்பே டிரைவர் கைதட்ட ஆரம்பித்திருந்தார்.