அடுக்குமாடி வாசலில் ஒரு புள்ளி

மாமனாரின் வாயோரம் காய்ந்திருந்த எச்சிலை அவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவள் புருஷன் வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் டிரைவர் தூங்குமூஞ்சியாம், ஊரைச் சுற்றிவிட்டு வந்தானாம், அதற்குள் அப்பா போய்விட்டாராம். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

வீடு சாக்கடையோரச் சந்துக்குள் இருக்கிறது. ஆபீஸ்காரர்களுக்கு லொகேஷன் அனுப்ப அவனுக்குக் கூச்சம். அதனால் மேப்பில் புள்ளியை விரலால் தள்ளித் தள்ளி, மெயின் ரோட்டு அடுக்குமாடியின் வாசலில் வைத்து, 'வீடு' என்று பெயரும் போட்டிருந்தான். பார்சல் வந்தால் அங்கே ஓடிப்போய், மாடியிலிருந்து இறங்கி வந்தவன் மாதிரி வாங்குவான். "அங்கயே ஒரு பாயப் போட்டுப் படுத்துக்கடா" என்று மாமனார்கூடக் கேலி செய்திருக்கிறார்.

காலையில் அவருக்கு நெஞ்சை அடைத்தபோது ஆம்புலன்சுக்குப் போனதும் அதே புள்ளிதான். வண்டி சீக்கிரமே வந்து, அடுக்குமாடிக் காவலாளியிடம் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றது. எந்த மாடி என்று டிரைவர் போனில் கேட்ட பிறகுதான் புருஷனுக்கு உறைத்தது, தலைதெறிக்க ஓடினான். "வந்துட்டாங்களாம்மா?" என்று அவள் மடியில் கிடந்தவர் கேட்டார். வந்துவிட்டார்கள் என்று அவள் பொய் சொன்னாள்.

பதற்றத்தில் யாருக்கும் கை தவறும். அதை அவள் மன்னித்திருப்பாள்.

இப்போது புருஷன் உள்ளே வந்து போனை நீட்டினான். ஆம்புலன்ஸ் ஆபீசிலிருந்து விசாரிக்கிறார்கள். "லேட்டா வந்தான்னு நீயும் சொல்லு. அவன் வேலை போகணும்."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள்.

"அவர் நேரத்துக்குத்தாங்க வந்தாரு. நாங்க சொன்ன எடத்துல நாங்கதான் இல்ல."

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். புருஷன் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனான்.

சற்று நேரத்தில் அவளுடைய போனில் குடும்பக் குழுவுக்கு அவன் அனுப்பிய செய்தி வந்தது. இறுதி ஊர்வலம் கிளம்பும் இடம் என்று லொகேஷன் போட்டிருந்தான். தொட்டுப் பார்த்தாள். அதே அடுக்குமாடி வாசல். அவன் ஆபீஸ்காரர்களுக்கும் இதுதான் போயிருக்கும்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு சந்துக்கு வெளியே நடந்தாள். அடுக்குமாடி மதிலில், மாமனாரின் பெயர் எழுதிய ஆபீஸ் மலர்வளையம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யார் இறந்தது என்று ஒரு பெண் காவலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம பில்டிங்ல யாரும் இல்லம்மா. யாரோ தப்பா வெச்சுட்டுப் போயிட்டாங்க."

அவள் வளையத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அதிலிருந்த தண்ணீர் சந்து நெடுக அவள் காலில் சொட்டிக்கொண்டே வந்தது.