மணிக்கட்டில் மரை

எஞ்சின் கட்டுகிறவரின் வலது கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, மணிக்கட்டோடு கழன்று வாஷ்பேசினில் விழுந்தது. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. எடுத்துப் பார்த்தால் உள்ளே, நட்டில் இருப்பதுபோல், நெருக்கமாக மரை வெட்டியிருந்தது. லேத்துக்காரர்கள்கூட அவ்வளவு சுத்தமாக வெட்டமாட்டார்கள். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம டிபார்ட்மென்ட் இல்லைங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தன் கையைத் தானே முறுக்கிக்கொள்ள ஒற்றைக் கையால் முடியவில்லை. எதிர்வீட்டிலிருந்து தங்கை புருஷன் விந்தி விந்தி வந்து, மணிக்கட்டில் ஒரு தோல் பட்டையைச் சுற்றி, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சை அதில் மாட்டினார். சொன்ன இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்றது. மறுநாள் விடியும்போது கை மறுபடி தளர்ந்திருந்தது. ஒன்பது வருஷம் தினமும் அப்படித்தான்.

தங்கை புருஷன் ஒரு காலத்தில் ரேஸ் கார் ஓட்டியவர். அந்தக் காரின் எஞ்சினைக் கட்டியவர் மச்சான்தான். கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டின் கடைசியில் ஃப்ளைவீல் என்ற கனத்த இரும்புச் சக்கரத்தை எட்டு போல்ட் பிடித்திருக்கும். மரையைத் துடைத்து, ஒரு சொட்டுப் பசை விட்டு, எதிரெதிராக மூன்று தடவையில் முறுக்கி, முடிந்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். கடைசிப் பந்தயத்துக்குக் கட்டிய அன்றைக்கு டப்பாவில் பெயின்ட் காய்ந்துகொண்டு வந்தது. எட்டுக்கும் முதலிலேயே கோடு போட்டுவிட்டு முறுக்க உட்கார்ந்தார். ஐந்து முடிந்தபோது தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள். கை கழுவித் திரும்பி வந்தவர் எட்டு மஞ்சள் கோடுகளைப் பார்த்தார், திருப்தியாக மூடியை மாட்டினார். பந்தயத்தின் நாலாவது சுற்றில் ஃப்ளைவீல் காரின் தரையைப் பிளந்துகொண்டு வந்து ஓட்டியவரின் வலது காலில் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. சிதறலைப் பொறுக்கப் போன மச்சான் கண்ணில் கழுத்தறுந்த ஐந்து போல்ட்டும், மரை கெடாத மூன்றும் பட்டன. அந்த மூன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விசாரணையில் தங்கை புருஷனே, "அவசரத்துல கியரைத் தப்பாப் போட்டிருப்பேன்" என்றார். மச்சான் தலையாட்டினார். அது, கை கழன்றதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை.

அதன்பிறகு தங்கை புருஷன் லாரி ஓட்டப் போனார். நாற்பதுக்கு மேல் மிதிக்கமாட்டார், யாரையும் முந்தமாட்டார். "மச்சான், உங்க கைக்கு வாரண்டி முடிஞ்சுபோச்சு, கம்பெனிக்கு எழுதிப் போடுவோமா?" என்று காலையில் கேலி பேசுவார். தங்கையும் வாசலில் நின்று, "புதுசாக் கட்டிக்கிட்ட ஜோடி கணக்கா கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பாரு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். 'டக்' சத்தம் வரும்போது மட்டும் எஞ்சின் கட்டுகிறவர் சுவரைப் பார்த்துக்கொள்வார்.

ஒன்பதாம் வருஷம் ஒரு காலை, இரண்டாம் தடவை முறுக்கிக்கொண்டிருக்கையில் தங்கை புருஷன் சிரிக்காமல் சொன்னார்: "நேத்து ஒரு சைக்கிள்காரன் என்னை முந்திட்டான் மச்சான். லாரியை விட்டுடலாம்னு இருக்கேன். இந்தக் காலை நம்பி என்னத்த ஓட்டறது?"

"உங்க கால் ஒரு தப்பும் பண்ணல மாப்ள," என்று மச்சான் வாயிலிருந்து வந்துவிட்டது. "எட்டுல மூணு போல்ட்டை நான் முறுக்கவே இல்ல. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

ரெஞ்ச் பட்டையிலேயே தொங்கியது. "தினம் காலையில," என்றார் அவர். "தினம் காலையில என் மூஞ்சிய பாத்துக்கிட்டு நின்னியே."

மச்சானின் கை அரைகுறை இறுக்கத்தில் ஆட, அவர் தெருவைக் கடந்து லாரியில் ஏறினார். அன்றைக்கு மேம்பாலத்தில் பதினோரு வண்டிகளை முந்தியதாக, முந்தப்பட்டவர்களே வந்து சொன்னார்கள். அதில் ஒன்று போலீஸ் ஜீப்.

உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனிக் கை நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். நிற்கவில்லை. தங்கை புருஷன் அந்த வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. மறுநாள் தங்கைதான் வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல், மூன்று தடவையில் முறுக்கினாள். அளவு சரியாகவே இருந்தது. இன்றைக்கும் அவள்தான் முறுக்குகிறாள். முன்பெல்லாம் இருட்டி வருகிற புருஷன் இப்போது லாரியை விரட்டிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கே வீடு வந்துவிடுவதால் அடுப்பைச் சீக்கிரம் பற்றவைக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆறு மணிக்கெல்லாம் வந்து முடித்துவிட்டுப் போய்விடுகிறாள்.